ஆளுக்கொரு வரி

எனக்குச் சர்க்கரை வந்தபோது, இதுவாவது வந்ததே என்று ஒரு கௌரவமாகத்தான் எடுத்துக்கொண்டேன். எழுதுகிறவனுக்கு வரவேண்டிய மற்றவை எதுவும் வருகிற மாதிரித் தெரியவில்லை. சிதம்பரத்தில் ஓர் இளம் டாக்டர் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து என் பெஞ்சில் தூங்குவானேன், ரத்தம் பார்த்து ஈமெயிலில் எழுதுங்கள், பதில் போடுகிறேன் என்றார். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் எங்கள் பக்கம் இது பெரிய புரட்சி.

எனக்கு டைப் அடிக்க வராது. முதுநகரில் என் மச்சான், மனைவியின் தம்பி, பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மிஷினும் கடையிலேயே உண்டு. நான் காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன், அவன் அடித்து அனுப்பி, பதிலைப் பிரிண்ட் எடுத்துத் தருவான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கடிதங்கள் அவை. அன்றைய வெயில், இட்லி விஷயத்தில் என் நிலைப்பாடு எல்லாம் முடிந்த பிறகுதான் சர்க்கரை அளவு வரும். பதில் மட்டும், 'அதே டோஸ் தொடரவும்'. என் கதைகளைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர்களே இதைவிட நீளமாக எழுதுவார்கள்.

ஒரு நாள் மாலை மச்சான் கொடுத்த துண்டுச் சீட்டில் ஒரே வரி: 'உடனே நேரில் வரவும், அட்மிஷன் தேவைப்படலாம்.'

மறுநாள் காலை கையில் ஒரு பையோடு டாக்டர் முன்னால் நின்றேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பேஷண்ட் எங்க?"

"நான்தான் சார்."

"நடந்தா வந்தீங்க?"

"பஸ் ஸ்டாண்டுலேருந்து ஆட்டோ சார்."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திங்கக்கிழமை தொண்ணூறு. புதன்கிழமை முந்நூத்தி எம்பது. நான் பதில் போட்டப்பறம் நேத்து சாயங்காலம் நூத்திப் பத்து. உங்க உடம்பப் புரிஞ்சிக்கவே முடியல சார்."

என்னைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று ஒருவர் மரியாதையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"மீன் கூடை தூக்கினா தலை சுத்துதுன்னு எழுதியிருந்தீங்களே, இப்ப எப்படி?"

நான் மீனைத் தட்டிலிருந்து வாய்வரைக்கும்தான் தூக்கியிருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"மாசவிலக்கு நின்னதப் பத்திக்கூட கேட்டிருந்தீங்க. வீட்டுல அவுங்களுக்காகன்னு நெனச்சேன்."

ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். எங்கள் பக்கத்திலிருந்து அவரிடம் பார்க்கிறவர்கள் எழுதியது எல்லாம் மச்சான் கடையின் ஒரே முகவரியிலிருந்து போயிருந்தது. முதல் கடிதத்தில் மட்டும் என் பெயர். அதன்பின் யார் பெயரும் இல்லை. என் கடிதம் என்று நான் அடையாளம் கண்ட இடத்தில் 'தொண்ணூறு' என்ற எண் மட்டும் இருந்தது. வெயிலும் இட்லியும் சிதம்பரம் வந்து சேரவே இல்லை. வேறு சமயமாக இருந்தால் அந்தத் துக்கத்துக்கே அட்மிட் ஆகியிருப்பேன்.

மச்சானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆமா மாமா, எல்லாருக்கும் ஒரே ஐடிதான். தனித்தனியா போட்டுக் குடுத்தா பாஸ்வேர்ட மறந்துட்டு வந்து உயிர எடுக்கறாங்க. யாரு எதக் கேட்டாங்கன்னு எனக்குத் தெரியும், அப்பறம் பேரு எதுக்கு?"

டாக்டர் மேசையை எட்டிப் பிடித்தார். "முந்நூத்தி எம்பதப் பாத்துட்டு நேத்து காலையில நான் ரெண்டு வரி எழுதுனேன். வர்ற வரைக்கும் காலையில இன்சுலின் முப்பது யூனிட் போடுங்கன்னு. அந்த வரி எங்க?"

"நேத்து பதில் கேட்டு வந்தது ரெண்டு பேரு. வந்ததும் ரெண்டு வரி. ஆளுக்கொண்ணா கத்தரிச்சிக் குடுத்துட்டேன் சார். ஒண்ணு மாமாவுக்கு, ஒண்ணு மீன் ஏலம் எடுக்கற அக்காவுக்கு."

"அந்த முந்நூத்தி எம்பது யாரு?"

"செம்மங்குப்பத்துல கம்பெனி வாட்ச்மேன். அவுரு அப்பறம் கடப்பக்கமே வரல."

இரண்டு வரியும் வாட்ச்மேனுக்கு உரியவை. டாக்டர் கேட்கக் கேட்க மச்சான் சொன்னான்: அக்காவின் சர்க்கரை நூற்றுப் பத்து. வழக்கமாகப் போடுவது பதினாலு யூனிட். முப்பது போட்டிருந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் எனக்கு விளக்கவில்லை. அவர் முகமே போதுமாக இருந்தது.

"கடைய அப்படியே போட்டுட்டு அக்காகிட்ட ஓடுங்க, வாட்ச்மேன்கிட்ட வேற யாரையாவது அனுப்புங்க. அவுங்களுக்கு உடனே சக்கரை குடுங்க. போன வெக்காதீங்க."

மச்சானின் டிவிஎஸ் வண்டிச் சத்தத்தை நாங்கள் இருவரும் அந்த அறையில் உட்கார்ந்து கேட்டோம். பிறகு துறைமுகத்து இரைச்சல்.

"மாமா, அக்கா கூடைகிட்ட உக்காந்திருக்காங்க. வேர்த்து ஊத்துது. கூப்ட்டா வேற எங்கியோ பாக்கறாங்க."

"டீயில சக்கரைய ஜாஸ்தியாப் போட்டுக் குடு" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பெண்களின் குரல்கள். "ஒனக்கு அறிவிருக்கா? சக்கர வியாதிக்காரிக்குச் சக்கரயா குடுப்ப? இந்த டீய எடுத்துட்டுப் போ." கண்ணாடி கிளாஸ் எதிலோ மோதும் சத்தம் கேட்டது.

டாக்டர் போனைப் பிடுங்கினார். "டாக்டர் பேசறேன். குடுக்க விடுங்கம்மா."

"சக்கர குடுக்கச் சொல்றவரு எந்த ஊரு டாக்டரு?"

சர்க்கரையைத் தொடாதீர்கள் என்று சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர் அவர். இப்போது எழுந்து நின்று கெஞ்சினார். "ஊசிய ஜாஸ்தியாப் போடச் சொன்னது நான்தாம்மா. தப்பா சொல்லிட்டேன். ரத்தத்துல இருந்த சக்கர எறங்கிப் போச்சி. இப்பக் குடுக்கலன்னா நெனவு தப்பிடும்."

அங்கே சத்தம் அடங்கியது. டாக்டர் தன் தப்பு என்று சொன்னதை அவர்கள் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் கேட்டதில்லை.

"முழுங்கறாங்களா?"

"முழுங்கறாங்க சார்."

"இன்னொரு கிளாஸ்."

இந்த இடத்தில் எழுத எனக்கு வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை, அன்றும் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு பெண் குரல், களைத்துப்போய்: "என் கூடைய யாரு நகத்துனது?"

யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்வது கேட்டது. போன் கை மாறியது.

"டாக்டரா? நாந்தான் பேசறேன். தெரியுதா?"

டாக்டர் ஸ்கிரீனைப் பார்த்தார். அதில் வரிசையாக எண்கள் இருந்தன.

"தெரியலம்மா," என்றார். "உங்க பேரச் சொல்லுங்க."

அக்கா சொன்னார். டாக்டர் அதைத் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்டார்.