பாதியில் வந்த ஆட்டம்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பேர் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. வெளியே யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. செஸ் ஆடுகிறவர்கள் மத்தியில் அவள் ‘பூட்டு’. ஆறு முறை நாட்டின் பெண்கள் சாம்பியன். இரண்டு சிப்பாய் குறைந்து, ராஜா மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஆட்டத்தைக்கூட நாலா பக்கமும் அடைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொள்வாள். எதிரில் இருப்பவர் சாவி தேடித் தேடியே அலுத்துப்போவார். அலுத்த கை ஒரு தப்பு செய்யும். அங்கேதான் அவளுடைய ஆட்டம் தொடங்கும்.

அது எப்படி வந்தது என்று கேட்டால் சலூனில் இருந்து வந்தது என்பாள். கேட்கிறவர்கள் அவள் விளையாட்டாகச் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள்.

அப்பாவுக்குச் சலூன். இரண்டு நாற்காலி, எதிரும் புதிருமாக இரண்டு நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சின் நடுவில் ஒரு செஸ் பலகை. சும்மா இருந்தால் வாடிக்கையாளர்கள் அரசியல் பேசி அடித்துக்கொள்கிறார்கள் என்று அப்பா வாங்கிப் போட்டது. அவருக்குக் குதிரை எப்படித் தாவும் என்பதே இன்றைக்கும் சந்தேகம்தான். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், டியூட்டி முடிந்து வர ஏழு மணியாகும். அதுவரை மகள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

எங்கே எழுதினாள்? “அடுத்து யாரு?” என்று அப்பா துணியை உதறினால் பெஞ்சில் இருந்து ஒருவர் எழுந்தாக வேண்டும். ஆட்டம் அந்தரத்தில் நிற்கும். இதனால் அரசியலைவிடப் பெரிய சண்டையெல்லாம் வந்தது. அப்பா ஒரு சட்டம் போட்டார். எழுந்து போகிறவர் இடத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனால் உட்கார்ந்தவர் காயைக் கலைக்கக் கூடாது, முதலில் இருந்து ஆடலாமா என்று கேட்கவும் கூடாது.

“ஒக்காந்துட்டா வந்தத ஆடணும். புடிக்கலன்னா எந்திரிச்சு பேப்பர் படிங்க” என்பார்.

பேப்பரைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். “பாப்பா, கொஞ்சம் பாத்துக்கோ” என்று அவளிடம் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாற்காலியில் இருந்தபடி கண்ணாடியில் பலகையைப் பார்த்து யோசனையும் சொல்வார்கள். கண்ணாடியில் வலது இடதாகத் தெரியும் என்பது பாதிப் பேருக்கு உறைக்காது. அவர்கள் சொன்னதற்கு நேர் எதிராக ஆடுவதே உத்தமம் என்று பாப்பா சீக்கிரமே கண்டுகொண்டாள்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஜெயித்துக்கொண்டிருக்கிறவர் எழுந்திருக்கவே மாட்டார். “நீங்க போங்க சார், எனக்கென்ன அவசரம்” என்று தன் முறையை அடுத்தவருக்குத் தாரை வார்ப்பார். தோற்றுக்கொண்டிருக்கிறவர்தான் அப்பா கூப்பிடுவதற்கு முன்பே நாற்காலியில் தலையைச் சாய்த்திருப்பார். ஆக அவள் கைக்கு வந்த ஆட்டமெல்லாம் குற்றுயிரும் குலையுயிருமாக வந்தவைதான். அவள் எப்படியோ தேற்றி வைப்பாள். முகம் மழித்துப் பவுடர் பூசி வந்தவர், “அட, பரவால்லயே” என்று மறுபடி வந்து உட்கார்ந்துகொள்வார். இப்போது எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு வியர்க்கும். அவருக்கு உடனே முடி வெட்டிக்கொள்ள ஆசை வந்துவிடும். பாப்பா பெஞ்சைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்காருவாள். எந்தப் பக்கம் முழுகுகிறதோ அதுவே அவள் பக்கம்.

கடையைச் சாத்தும்போது அப்பா கேட்பார். “இன்னைக்கு யாரோட ஆட்டம்?”

“லாரிக்காரரோடது. ராணிய விட்டுட்டுக் குடுத்தாரு.”

“அப்புறம்?”

“பூட்டி வச்சிருக்கேன். நாளைக்கு வந்து அவரே பாத்துக்கட்டும்.”

அப்பா இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

பன்னிரண்டு வயதில் முதல் போட்டிக்குப் போனாள். மேசையில் முப்பத்திரண்டு காயும் முழுசாக, வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இத்தனை பேர் உயிரோடு இருக்கும்போது என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்பதே நகர்த்தலில் தோற்றாள். அடுத்த ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே ஒரு யானையைப் பறிகொடுத்தாள். பறிகொடுத்த பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதை ஜெயித்தாள்.

அதற்குப் பிறகு முப்பது வருடமும் இதே கதைதான். இருபது வயதில் முதல் பட்டம், பிறகு ஐந்து. விளையாட்டுக்காகக் குடிநீர் வாரியத்தில் வேலை கொடுத்தார்கள். புகார்ப் பிரிவு. குழாய் உடைந்தவர்களும் மூன்று நாளாகத் தண்ணீர் வராதவர்களும் அவள் மேசைக்குத்தான் வருவார்கள். “லீவு லெட்டர்ல வருஷா வருஷம் ஒரே காரணம் எழுதுறீங்களேம்மா, வேற யாராவது இருந்தா இந்நேரம் நாலு மாமனார சாகடிச்சிருப்பாங்க” என்று மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். நிலத்தை அளக்கும் சர்வேயர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் பேசியதைவிட அளந்தது அதிகம். எங்கே ஆடினாலும் ஆட்டம் முடிந்ததும் அப்பாவுக்குப் போன். அவர் கேள்வி மாறவே இல்லை.

“இன்னைக்கு யாரோட ஆட்டம்?”

அவளும் விளையாட்டாக எதிராளியின் பேரைத்தான் சொல்வாள். நல்லா இருந்தது அவங்க ஆட்டம், கெடுத்துக்கிட்டாங்க, நான் எடுத்துக்கிட்டேன் என்பாள்.

சாம்பியன் என்ற பேர் இருந்தும் ஒன்று மட்டும் கை நழுவிக்கொண்டே இருந்தது. பெண்கள் கிராண்ட்மாஸ்டர் பட்டம். அதற்கு மூன்று பெரிய போட்டிகளில் குறித்த புள்ளியை எட்ட வேண்டும். இரண்டை முப்பது வயதுக்குள் எட்டிவிட்டாள். மூன்றாவது, பதிமூன்று வருடமாக அரைப் புள்ளி ஒரு புள்ளியில் தப்பித்துக்கொண்டிருந்தது. பத்திரிகையில் பத்தி எழுதும் ஒருவர், அவளைப் பாராட்டுவதாக நினைத்து இப்படி எழுதினார்: ‘எரிகிற வீட்டை அணைப்பதில் இவருக்கு நிகரில்லை. ஆனால் இவர் ஒரு வீடும் கட்டியதில்லை.’ பூட்டு அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பொய்யாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம்.

நாற்பத்து மூன்று வயதில் அவள் ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று படிக்க ஆரம்பித்தாள். புத்தகத்தில் இருந்ததைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதினாள். காலையில் அடுப்படியில் நின்று சர்வேயர் ஒவ்வொன்றாக உருவுவார்.

“பத்தாவதுக்கு என்ன?”

“யானை, ராஜா பக்கம்.”

“தப்பு. தோசை மாதிரி திருப்பிப் போட்டிருக்க.” அவர் அட்டையை மறுபடி கட்டுக்குள் செருகுவார். ஒரு வருடம் இப்படியே போனது. கடைசியில் அவருக்கே நாற்பது தொடக்கங்கள் மனப்பாடம். காய் எப்படி நகரும் என்று மட்டும் தெரியாது.

அந்த வருடப் போட்டி ஒரு கல்லூரியின் தேர்வுக் கூடத்தில் நடந்தது. கடைசிச் சுற்று. அரைப் புள்ளி கிடைத்தால், அதாவது டிரா செய்தால் போதும், பட்டம் அவளுக்கு. எதிரில் கருப்புக் காய்களுடன் டீச்சர். உண்மையிலேயே பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர்தான். இருபது வருடப் போட்டி, இருபது வருடச் சிநேகம். பிளாஸ்கில் வெந்நீர், தொண்டைக்கு மாத்திரை, புத்தகத்தில் இருந்து வழுவாத ஆட்டம். பூட்டை எதிர்த்து நன்றாகத் தொடங்கிக் கடைசியில் கோட்டை விடுவதே அவர் வழக்கம்.

அன்றைக்குத் தலைகீழாக நடந்தது. பதினைந்தாவது நகர்த்தலில் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய காய்கள் பஸ்ஸில் நிற்பவர்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பூட்டின் காய்களுக்கோ வாசல் வாசலாகத் திறந்து கிடந்தது.

“டிரா பண்ணிக்கலாமா?” என்றார் டீச்சர் மெதுவாக.

வாங்கிக்கொண்டு கை குலுக்க வேண்டியதுதான். பதினான்கு வருடம் அலைந்தது இலவசமாகவே வருகிறது. பார்வையாளர்களை நிறுத்தும் கயிற்றுக்கு அப்பால் சர்வேயர் பாதி எழுந்தேவிட்டார். பூட்டு பலகையைப் பார்த்தாள். உடைந்தது ஒன்றுமில்லை. ஓட்டை இல்லை, ஒழுகல் இல்லை. யாரும் கெடுத்துக் கொடுக்காத, அவளே முதல் கல்லில் இருந்து எழுப்பிய ஆட்டம். இதை இப்படியே விட்டுவிட்டு எழுந்து போக அவளுக்கு மனசு வரவில்லை.

“இல்ல டீச்சர். ஆடலாம்.”

சர்வேயர் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த ஆறு நகர்த்தல் அழகாகவே போனது. பிறகுதான் வினை. நல்ல ஆட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குப் பழக்கமில்லை. அடைக்க ஓட்டை இல்லாமல் புத்தி சும்மா அலைந்தது. அலைந்து, அலைந்து, எந்தப் பக்கம் முழுகுகிறதோ அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. பாவம் இந்தக் கருப்பு, இதை எப்படிக் காப்பாற்றலாம்? யானை சிக்கிக் கிடக்கிறது. ராணிக்கு வழியில்லை. அந்தக் குதிரை? அது நடுவில் நின்று என்ன சாதிக்கிறது? ராஜா பக்கம் பின்வாங்கினால் எல்லாம் தாங்கிக்கொள்ளுமே. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கை நீண்டது. குதிரையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

“அது என் குதிரைங்க” என்றார் டீச்சர்.

தொட்ட காயை நகர்த்த வேண்டும், எதிராளியின் காயைத் தொட்டால் அதை வெட்ட வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்கும் தெரிந்த விதி. அந்தக் குதிரையை வெட்ட அவளுடைய யானையால் மட்டும்தான் முடியும். வெட்டினால் பின்னால் நிற்கும் சிப்பாய் யானையை வெட்டிவிடும். குதிரைக்கு யானை, படுநஷ்டம். கட்டிய வீடு அதோடு சரிந்துவிடும்.

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். நடுவர் கூடத்தின் மறுகோடியில் இருந்தார். “கட்டத்துக்கு நடுவுல சரியா வச்சீங்க, அவ்வளவுதான? சொல்லிட்டுத் தொட்டா தப்பில்ல, சொல்ல மறந்துட்டீங்க” என்றார் குரலைத் தாழ்த்தி.

“இல்ல டீச்சர். ஆடத்தான் தொட்டேன்.”

“என் குதிரையவா?”

“ஆமா.”

அவள் யானையால் குதிரையை வெட்டினாள். டீச்சர் பெருமூச்சு விட்டுச் சிப்பாயால் யானையை எடுத்துக்கொண்டார். பூட்டின் முகம் எரிந்தது. ஆறு முறை சாம்பியன், எதிராளியின் காயைத் தூக்கி ஆடினாள் என்று ஊரே சிரிக்கும். அட்டை அட்டையாகப் படித்த ஒரு வருடம் போயிற்று. கொடுத்த பட்டத்தை வேண்டாம் என்ற திமிருக்கு நன்றாக வேண்டும். எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்து, வேறு யாரோ விட்டுப்போன இடத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்து, பலகையைப் புதிதாகப் பார்த்தாள்.

யானை இல்லை. ராஜாவுக்குக் காற்றோட்டம் அதிகம். ஒரு சிப்பாய் தனியாக நிற்கிறது. ஓ, இதுவா? இந்த மாதிரி ஆட்டத்தை அவளுக்கு ஏழு வயதில் இருந்தே தெரியும். வந்ததை ஆட வேண்டியதுதான்.

நாலரை மணி நேரம் ஆடினாள். முதலில் ராஜாவின் வாசலை அடைத்தாள். பிறகு சிப்பாய்களைக் கோத்து ஒரு சுவர். டீச்சரின் யானைகள் சுவர் ஓரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தன. பிளாஸ்கில் வெந்நீர் தீர்ந்துபோயிற்று. மற்ற மேசைகள் காலியாகி, துப்புரவுப் பணியாளர் துடைப்பத்தோடு காத்திருந்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு டீச்சர் பேனாவை மூடினார்.

“டிரா?”

“சரி, டீச்சர்.”

“இதத்தானங்க காலையிலயே குடுத்தேன்.”

“அப்ப பசிக்கல டீச்சர்.”

டீச்சர் சிரித்துவிட்டு அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கயிற்றுக்கு வெளியே சர்வேயர் அட்டைக் கட்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கை போனைத் தேடியது.

வராந்தாவில் நின்று போன் போட்டாள். எழுபத்தைந்து வயதிலும் அப்பா காலையும் மாலையும் கடைக்கு வந்துவிடுவார். கத்தரிக்கோல் சத்தத்துக்கு நடுவே குரல் கேட்டது.

“பட்டம் கெடச்சிருச்சாமே, மாப்ள போன் பண்ணாரு. அழுதுக்கிட்டே பேசுனாரு, ஒண்ணும் புரியல. அது கெடக்கட்டும். இன்னைக்கு யாரோட ஆட்டம்?”

டீச்சரோடது என்று சொல்ல வாய் எடுத்தாள். வரவில்லை.

“என்னோடதுதாம்பா. காலையில மொதல்லேருந்து நல்லா ஆரம்பிச்சேன். பாதியில நானே கெடுத்துட்டேன். எந்திரிச்சும் போயிட்டேன்.”

“சரி, அப்புறம் அந்த எடத்துல யாரு வந்து ஒக்காந்தது?”

“நானேதான்.”

கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

“ஆரம்பிச்சதும் நீ, கெடுத்ததும் நீ, மீட்டதும் நீ” என்றார் அப்பா. “இந்தப் பதிலுக்குத்தாம்மா முப்பது வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

பிறகு யாரிடமோ, “அடுத்து யாரு?” என்று கேட்டபடி போனை வைத்தார். பூட்டு அந்த வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, வாய் விட்டு அழுதாள்.