இரண்டு விரல் தடம்

பயத்தில்தான் அந்த ஸ்லைசரை வாங்கினேன். அதற்கு முந்தின வாரம் பீன்ஸ் நறுக்கும்போது கத்தி கட்டைவிரலில் இறங்கிவிட்டது. எங்கள் கம்பெனியில் விரலில் பிளாஸ்திரி ஒட்டியவர்களை லைனில் உட்காரவிட மாட்டார்கள். அதிலிருந்து ஒரு நூல் பிரிந்து சர்க்யூட் போர்டுக்குள் போனாலும் அந்தப் பீஸ் வீண். காயம் ஆறுகிற வரை என்னை அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் நிறுத்திவைத்தார்கள். சூப்பர்வைசர் திட்டவில்லை. "கைய பாத்துக்கோம்மா, கைதானே நமக்கு எல்லாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிற பாத்திரக் கடையில் அதைப் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் பலகை. நடுவில் சாய்வாக ஒரு பிளேடு. காயைக் குத்திப் பிடிக்க அடியில் முள் வைத்த மூடி ஒன்று. மூடியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் போதும், கை பிளேடுக்கு மேலேயே போய் வரும். கடைக்காரர் வெள்ளரிக்காய் ஒன்றை எடுத்துச் சீவிக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே கனத்தில், கண்ணாடி மாதிரி வில்லைகள் விழுந்தன.

"கண்ண மூடிக்கினு கூட சீவலாம்மா. கைல படவே படாது."

எனக்கு இரண்டாம் ஷிப்ட். என் கணவருக்கு ஒரகடத்தில் முதல் ஷிப்ட். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். கல்யாணமாகி ஏழு வருடத்தில் நாங்கள் மாறிய நான்காவது வாடகை வீடு அது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பிளாட் போட்டுக் கல் நட்ட நிலத்துக்கு நடுவில் தனியாக நிற்கும். கீழே நாங்கள், மாடியில் வீட்டுக்காரர்கள். காலை எட்டு மணிக்கு அவர்களும் கிளம்பிவிட்டால், ஒரு மணிவரை நான் மட்டும்தான். ரோட்டில் கார் ஏற்றிய டிரெய்லர் போனால் அலமாரியில் தட்டுகள் மெல்ல நடுங்கும். மற்றபடி சத்தமே இருக்காது.

புது ஸ்லைசர் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. முள்ளங்கி, வாழைக்காய், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் சீவினேன். பலகை ஈரமான சமையல் மேடையில் நழுவியது. அதனால் இடது கையால் அதை அடியோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொள்வேன். வலது கை மூடியைத் தள்ளும். பிளேடுக்கு மேலே போகிற கை அதுதானே, என் கவனமெல்லாம் அதன்மேல்தான்.

ஒருநாள் முள்ளங்கி சீவி முடித்துத் தட்டைப் பார்த்தேன். வெள்ளை வில்லைகளில் நாலைந்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. முள்ளங்கியின் நிறம்தான் என்று நினைத்துக் கழுவினேன். தண்ணீர் சிவந்து ஓடியது. வலது கையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இடது கட்டைவிரலைப் பார்த்தேன். பழைய காயம் நன்றாக மூடியிருந்தது. வில்லைகளைக் கொட்டிவிட்டு ரசம் வைத்தேன்.

மறுநாள் சுவிட்ச் போர்டில் ஒரு தடம். இரண்டு விரல் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இழுத்த மாதிரி, பழுப்பேறிய சிவப்பு. அவர் கை பட்டிருக்கும் என்று துடைத்தேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரைக் கையைக் காட்டச் சொன்னேன். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"இன்னா, கம்பெனில செக் பண்றது போதாதுன்னு வூட்லயுமா?" என்று சிரித்தார்.

அடுத்தடுத்த நாட்களில் ஃபிரிட்ஜ் கதவில் பார்த்தேன். தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த பைபிள் வசன காலண்டரில், அன்றைய தேதிக்குக் கீழே, வசனத்தின் மேலேயே பார்த்தேன். எப்போதும் இரண்டு விரல்தான். மூன்றாவது விரல் பட்ட அடையாளமே இல்லை. நம் கை எதையாவது தொட்டால் கட்டைவிரலோ ஆள்காட்டி விரலோ படாமலா இருக்கும்?

வீட்டுக்கார அக்கா ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்தவர் பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்து நின்றுவிட்டார். அங்கும் அந்தத் தடம்.

"இது இன்னாமா?"

"தெரியலக்கா. அங்கங்க இருக்குது."

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு குடி இருந்துச்சு. தெக்கத்திப் பொண்ணு. பிரஸ் மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. இந்த ரெண்டு விரலும் போயிடுச்சு." தன் இடது கையின் சுண்டு விரலையும் அடுத்த விரலையும் மடக்கிக் காட்டினார். "ஆஸ்பத்திரிலேர்ந்து அப்படியே ஊருக்குப் போனதுதான். வாடகைக்கு விடும்போது இதெல்லாம் யார்னா சொல்வாங்களா? நீ தப்பா நெனச்சிக்காத."

"அந்தப் பொண்ணு உயிரோடதானக்கா இருக்குது?"

"அது கீது. விரலு எங்க கீதுன்னு யாருக்குத் தெரியும்?"

அப்போதே அக்கா எங்கள் வாசலில் கற்பூரம் ஏற்றிவைத்தார். எங்கள் சபைக்கு அது ஒத்துவராத காரியம். ஆனாலும் நான் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பகல் வெளிச்சத்திலேயே எனக்குப் பயம் வந்தது. அடுப்பைப் பார்த்து நின்றால் முதுகு கூசும். யாரோ பின்னால் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தேன். அவரிடம் சொன்னேன். "எலி எதுனா அடிபட்டு ஓடியிருக்கும்" என்றார் என் கணவர். எலி காலண்டரில் ஏறுமா என்று கேட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தீர்மானமாக ஒரு காரியம் செய்தேன். அவர் போனதும் ஈரத்துணியால் வீடு முழுக்கத் துடைத்தேன். சுவிட்ச், தாழ்ப்பாள், அலமாரி, குழாய் எதையும் விடவில்லை. முன்கதவும் பின்கதவும் உள்பக்கம் தாழிட்டேன். ஜன்னலையும் சாத்தினேன். பிறகு சமைக்கப் போனேன். உருளைக்கிழங்கு சீவினேன், வறுத்தேன், குக்கர் இறக்கினேன், நடுவில் பின்கதவுத் தாழ் விழுந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டேன். யாரும் வரவில்லை. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து பின்கதவைத் திறக்கப் போனேன்.

உள்பக்கத் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், நீல பெயிண்டின்மேல், இரண்டு விரல் தடம். தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

எப்படி முன்கதவைத் திறந்து வெளியே வந்தேன் என்று இன்றும் நினைவில்லை. வெயிலில், ஒரு பிளாட் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். ஷிப்ட் பஸ் வருகிற நேரம்வரை உள்ளே போகவில்லை. சாப்பாட்டுப் பையும் எடுக்காமல் வேலைக்குப் போனேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வாழைக்காய் சீவப் போனபோது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். இருபத்தைந்து வயதுக்குள் ஒரு பெண். இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

"அக்கா, நான் இதுக்கு முன்னாடி இந்த வீட்ல இருந்தவ. இன்சூரன்ஸ் கடுதாசி இந்த அட்ரஸுக்கு வந்திருக்குன்னாக. மாடில யாரும் இல்ல. செத்த நேரம் இருந்துட்டுப் போகட்டுமா?"

கதவை மூடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் வேர்த்துப்போய் நின்றவளிடம் எப்படி அப்படிச் செய்வது? உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். சொம்பை வாங்க அவள் இடது கையையும் நீட்டியபோது பார்த்தேன். மூன்று விரல்கள் இருந்தன. மற்ற இரண்டின் இடத்தில் தோல் வழவழவென்று மூடியிருந்தது. அவள் தண்ணீர் குடித்த சொம்பில் தடம் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பார்த்தேன்.

எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவளைச் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, நான் வாழைக்காயைச் சீவத் தொடங்கினேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இப்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"வலி இல்லக்கா. அரிக்கும். இல்லாத வெரலுதான் அரிக்கும். சொறியலாம்னு போனா அங்க ஒண்ணுமே இருக்காது. சில நேரம் சுண்டு வெரல யாரோ மடக்குற மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரில சொன்னாக, மூளைக்கு அது போனது இன்னும் தெரியலையாம்."

என் வீட்டில் திரியும் இரண்டு விரலை அவள் உணர்ந்துகொண்டிருக்கிறாளா? கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"அக்கா, நிறுத்துங்க."

நான் நிறுத்தவில்லை. எதை என்று புரியவில்லை.

"அக்கா! கைய எடுங்க! கீழ, கீழ கைய எடுங்கக்கா!"

அவள் பாய்ந்து வந்து என் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மூன்று விரல் பிடி என்றாலும் இரும்பாக இருந்தது. பலகை தரையில் விழுந்தது. அவள் என் கையைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

சுண்டு விரலிலும் அடுத்த விரலிலும் நுனிச் சதை கிழிந்து ரத்தம் முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது. பலகையை அடியில் அணைத்துப் பிடித்த விரல்கள், வில்லை விழுகிற இடுக்கு வழியாக, பிளேடுக்குக் கீழிருந்து போய் முட்டியிருக்கின்றன. ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக. பழைய கீறல்களும் அங்கே இருந்தன, மெல்லிய கோடுகளாக, பத்துப் பன்னிரண்டு.

"வலிக்கலையாக்கா?" என்று கேட்டாள்.

வலிக்கவில்லை. ரத்தம் சூடாக இறங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை. யாருடைய கையையோ அவள் கொண்டுவந்து என்னிடம் காட்டுகிற மாதிரி இருந்தது. அவள் என் சுண்டு விரலை நகத்தால் அழுத்தினாள். நகம் பதிந்ததைக் கண்ணால் பார்த்தேன். அவ்வளவுதான்.

வீட்டில் திரிந்தது நான்தான்.

துணியைச் சுற்றிக் கட்டி அவளே என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். ஷேர் ஆட்டோவில் என் கையைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள். டாக்டரம்மா காயத்துக்கு மருந்து போட்டார். பிறகு கண்ணை மூடச் சொன்னார்.

"பஞ்சால தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது. ஃபேன் சத்தம் கேட்டது. ரொம்ப நேரமாக அவர் தொடாததால், "எப்ப ஆரம்பிப்பீங்க மேடம்?" என்று கேட்டேன்.

"முடிச்சிட்டேன்மா" என்றார். "ஊசியாலயும் குத்திப் பாத்துட்டேன்."

பிறகு முழங்கையை அழுத்திப் பார்த்தார். அங்கே தோலுக்கடியில் கயிறு மாதிரி ஒன்று தடித்திருந்தது. ரவிக்கைக் கையை மேலே ஏற்றச் சொன்னார். மேல்கையில் வெளிறிய திட்டு. ஒரு வருடமாக அது தேமல் என்றே நினைத்திருந்தேன். அந்த இடம் வேர்ப்பதே இல்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் உறைத்தது.

அவர் நோயின் பெயரைச் சொன்னார். தொழுநோய். வேதத்தில் கேட்ட வார்த்தை. ஊருக்கு வெளியே நின்று கத்துகிறவர்களின் வார்த்தை. எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் மேசையைத் தட்டி என்னைப் பார்க்க வைத்தார்.

"இத நல்லா கேளுங்க. தொட்டா வராது. நீங்க சமைச்சதைச் சாப்பிட்டாலும் வராது. ஒரு வருஷம் மாத்திரை, இங்கேயே இலவசமா கொடுப்போம். மாத்திரை ஆரம்பிச்சிட்டா மத்தவங்களுக்குப் பரவாது. உணர்ச்சி எவ்ளோ திரும்பி வரும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்."

அந்தப் பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "எனக்கு இல்லாதது தெரியுது. உங்களுக்கு இருக்கறது தெரியல" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு இருவருமே அழுதோம்.

அன்று வேலைக்குப் போகவில்லை; சாயங்காலம் என் கணவர் வந்ததும் சொன்னேன். அவர் என் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து துணியை நனைத்துக்கொண்டு வீடு முழுக்கப் போனார். நான் துடைத்ததாக நினைத்த இடங்களைத் தாண்டியும் அவர் கண்டுபிடித்தார். பீரோ உட்கதவு. கட்டில் சட்டத்தின் அடிப்பக்கம். கடைசியாகத் துவைக்கப் போட்டிருந்த தன் யூனிஃபார்ம் சட்டையைத் தூக்கிக் காட்டினார். தோள்பட்டையில் இரண்டு கோடு.

"இது எப்போ?" என்று கேட்டேன்.

"நான்தானே கேக்கணும்" என்றார்.

வீட்டுக்கார அக்காவிடம் ஸ்லைசரில் கை கிழிந்த கதையை மட்டும் சொன்னோம். "அப்டியா, நல்லதாப் போச்சு" என்றவர், அடுத்த வெள்ளிக்கிழமையும் கற்பூரம் ஏற்றினார். கம்பெனி மெடிக்கல் ரூமில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கொடுத்தேன். பெட்டி மடிக்கிற இடத்தில் இரண்டு வாரம், பிறகு பழையபடி லைன். முதல் நாள் மாத்திரையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. முன்பே சொல்லியிருந்தும் பதறிப்போனேன். மாதங்கள் போகப் போக முகம் கறுத்தது. லைனில் கேட்டவர்களிடம் வெயில் என்றேன்.

ஒரு வருடம் முடிந்தது. என் கணவருக்கு ஒன்றுமில்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மோதிர விரலில் ஓரளவு உணர்ச்சி திரும்பியது. குளிர்ந்த தண்ணீர் இப்போது குளிர்ந்த தண்ணீராகவே படுகிறது. சுண்டு விரல் அப்படியேதான். ஸ்லைசரைத் தூக்கிப் போடவில்லை. அகலமான பேசின் ஒன்றின் வாயில் அண்டக்கொடுத்து, மூடியை மட்டும் பிடித்துச் சீவுகிறேன். அந்தப் பெண் இப்போது சொந்த ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். வாரம் ஒருமுறை போன் செய்து, வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், "கையப் பாத்தீங்களாக்கா?" என்பாள்.

தினமும் பார்க்கிறேன். வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு விரலாக. போன மாதம் சுண்டு விரலின் பக்கவாட்டில் ஒரு கொப்புளம் இருந்தது. நன்றாக நீர் கோத்து, பெரிதாக. தோசைக்கல்லாக இருக்கலாம், அயர்ன் பாக்ஸாக இருக்கலாம். அன்று காலையிலிருந்து செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். எந்த நிமிடத்தில் சுட்டது என்று கடைசிவரை தெரியவில்லை.