ரேடியேட்டருக்கு மூன்று மாலை

அறுபதுகளில் செஞ்சியில் ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார்தான் இருந்தது. அரிசி மில் முதலாளியின் மகன், என் பள்ளித் தோழன், அதை வைத்திருந்தான். வண்டியைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அது சிவப்பு என்பதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை திண்டிவனத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பினான். ராகுகாலம் பிறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். தாலுகா ஆபீசில் முறைப்படி அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். ஊரைத் தாண்டியதுமே காரின் முன்பக்கம் ஆவி பறந்தது.

"கண்ணு பட்டுடுச்சிடா," என்றான்.

முதல் தடவை ரேடியேட்டர் கொதித்தபோது திருஷ்டிக்கு ஒரு மாலை போட்டானாம். அதற்கும் அடங்காததால் இன்னொன்று. அன்று காலை மூன்றாவது, நல்ல தடிமனான சாமந்தி. மூன்றும் முகப்புக் கம்பிகளை அடைத்துக்கொண்டு தொங்கின.

"காத்து உள்ள போனாத்தான்டா தண்ணி ஆறும். மாலையக் கழட்டு."

"சாமி பேரச் சொல்லிப் போட்டத எப்பிட்றா கழட்டறது? பொண்ணு பாக்கப் போறேன்."

"அப்ப நடந்து போ."

மாலையை எடுப்பதற்கும் முறை உண்டு. ஒரு ஸ்பானர்கூட இல்லாத அந்த வண்டியில் கற்பூரம் நிறைய இருந்தது. அதைக் கொளுத்திக் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மாலைகளைக் கழற்றிப் புளியமரத்தில் மாட்டினேன். எஞ்சின் ஆறியதும் தண்ணீர் ஊற்றினோம். ராகுகாலத்துக்கு முன்பே பெண் வீட்டு வாசலில் நின்றோம்.

"பாத்தியா, கற்பூரம் காட்டினதும் திருஷ்டி போயிடுச்சி," என்றான்.

பெண் முடிவாயிற்று. கல்யாணத்தன்று கண்ணாடியைத் தவிர கார் முழுவதையும் பூவால் மூடினான். மணமக்கள் மில் லாரியில் ஊர் வந்து சேர்ந்தார்கள்.