இன்ஸ்பெக்டர் நாளுக்கு வந்த பெஞ்சுகள்

பள்ளிக்கூடத்துக்காக வீடு வீடாய் ஏறி இறங்கும் வேலைக்குச் சம்பளம் இல்லை, தேத்தண்ணி மட்டும் வயிறு முட்டக் கிடைக்கும். இப்படி அலைந்தவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! வெள்ளைக்காரன் போகப்போகிறான், இனிப் படிப்பு எல்லாருக்கும் இலவசம் என்று ஊரெல்லாம் கதைத்த காலம். கொட்டாஞ்சேனையில் அடுத்த தெரு இங்கிலீஷ் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெஞ்சு. எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாய். என் பிள்ளைகள் அந்தப் பாயில் படித்து, வளர்ந்து, வேலைக்கும் போய்விட்டார்கள். பாய் மட்டும் அங்கேயே கிடந்தது.

வெள்ளவத்தை ஆதரவு

நானும் முகத்துவாரத்து மீன்காரி பிலோமினாவும் வெள்ளவத்தையில் வக்கீல் வேலை பார்த்த, செல்வாக்குள்ள ஒரு புரொக்டர் ஐயாவிடம் போனோம். தேத்தண்ணி ஆறும்வரை சமத்துவம் பற்றிப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் பெஞ்சு கேட்கும் எங்கள் கூட்டத்துக்கு வாருங்கோ என்றேன். யன்னல் பக்கம் பார்த்தார்.

“தங்கச்சி, சமத்துவத்துக்கு நான் எப்பவும் ஆதரவுதான். ஆனா கொட்டாஞ்சேனை பஸ்ஸில சரியான சன நெரிசல்.”

தலைமை வாத்தியாரின் வண்டில்

அந்தக் கூட்டத்தில்தான் தலைமை வாத்தியார் உண்மையைக் கக்கினார். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அவர் இங்கிலீஷ் பள்ளிப் பெஞ்சுகளை இரவல் வாங்கி வண்டிலில் ஏற்றி வருவாராம். இன்ஸ்பெக்டரும் குறையில்லை என்று எழுதிவிட்டுப் போவாராம். பாயைக் காட்டினால் தன்னை எங்காவது தூக்கி அடிப்பார்கள் என்று மனிதருக்குப் பயம். கடைக்கார வீட்டு ஹாஜரா ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டா:

“அப்ப எங்கட புள்ளயள்ட முதுகு வருசத்துல ஒரு நாளைக்கு மட்டும் நிமிர்ந்தாப் போதுமா, மாஸ்டர்?”

நாங்கள் இருந்த இருப்பு

அடுத்த முறை வண்டில் வந்து பெஞ்சுகளை இறக்கியதும், தாய்மார் எல்லாரும் போய் அவற்றில் இருந்துவிட்டோம். பிள்ளைகள் வழக்கம்போலப் பாயில். எழும்பச் சொல்லி வாத்தியார் கெஞ்சினார். பிலோமினா இன்னும் வசதியாய்ச் சாய்ந்துகொண்டாள். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, இது என்ன கோலம் என்று என்னைத்தான் கேட்டார். முந்தானைக்குள் செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “பெஞ்சு பின்னேரம் திரும்பிப் போயிடும் ஐயா, அதுக்குள்ள ஒருக்கா இருந்து பாக்கிறம்” என்றேன். வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது. இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார், பிறகு பேனாவைத் திறந்தார்.

“வேர்வையைத் துடையுங்கோ மாஸ்டர். பெஞ்சை நான் பாக்கேல்லை, பாயை மட்டும்தான் பாத்தனான்.”

புதுப் பெஞ்சு

ஒரு தவணை கழித்து எங்களுக்கே சொந்தமாய்ப் பெஞ்சுகள் வந்தன. வாத்தியாரையும் எங்கும் தூக்கி அடிக்கவில்லை, அதே கதிரையில்தான் இருந்தார். பிலோமினாவின் சின்ன மகளைத் தூக்கி முதல் பெஞ்சில் இருத்தினோம். அவள் குனிந்து நிலத்தைப் பார்த்தாள்.

“அம்மா, கால் தொங்குது. பாய்தான் நல்லம்.”

அடுத்ததாய்க் குட்டைப் பெஞ்சு கேட்க வேண்டும் என்று அன்றைய செபத்திலேயே அந்தோனியாருக்குச் சொல்லி வைத்தேன்.