கிருபாவதி அக்கா சொல்லாத பெயர்

பாகாலா சந்திப்பில் வண்டி மாறக் காத்திருந்த எவருக்கும் அந்த ஊர்மேல் பிரியம் வர நியாயமில்லை. வெயில், புகை, தாமதமாக வரும் வண்டி, அவ்வளவுதான் அங்கே உண்டு. எனக்கு மட்டும் அந்த இடம் பிடிக்கும். ரங்கூனிலும் பினாங்கிலும் வேலை பார்த்த வருஷங்களில் ஊர் நினைப்பு வந்தால், சித்தூரில் நான் பிறந்த வீட்டுக்கும் முந்தி பாகாலா பிளாட்பாரம்தான் கண்ணில் தெரியும். அங்கே மர பெஞ்சில் கிருபாவதி அக்கா உட்கார்ந்து, வேர்க்கடலையைத் தோலுரித்துத் தின்றபடி, அன்றைக்கு நடத்த வேண்டிய இங்கிலீஷ் பாடத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் சித்தூரில் ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியாரம்மாக்களுக்கு வேறு பள்ளிகள் இருந்தன. இது வயதுவந்த பெண்களுக்கு, அவர்கள் வீட்டுக்கே போய் இங்கிலீஷ் கற்றுக்கொடுப்பதற்காக. எனக்கு அப்போது பதினெட்டு வயது. சித்தூரை விட்டு எங்காவது கிளம்ப ஒரு வழி வேண்டும் என்று சேர்ந்தேன். அக்கா சேர்ந்த காரணம் வேறு.

அவளுடைய கணவர் ஏர்பேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வாத்தியாராக இருந்தவர். விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். பிறகு அதே ஊரில் கணவருடைய அண்ணன் வீட்டில் நான்கு வருஷம் இருந்தாள். "சோறு போட்டாங்க, இல்லேன்னு சொல்லக் கூடாது. நான் துன்னும்போது மட்டும் யாரும் பேச மாட்டாங்க, அவ்ளோதான்" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். பரீட்சையில் தேறினால் வேலை, தங்க ஒரு அறை. தேறாவிட்டால் மறுபடி அந்த வீடு. விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. அவளுடைய தகரப் பெட்டியின் மூடியில் வெள்ளைச் சாயத்தில் கணவரின் பெயர் எழுதியிருந்தது. அதன்மேல் எதையும் வைக்க விடமாட்டாள்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மிஸ் ஹார்டிங் என்ற வெள்ளைக்கார அம்மாள். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. அவருடைய முறையில் இரண்டு விதிகள் உண்டு. வகுப்புக்குள் தமிழோ தெலுங்கோ ஒரு சொல் வரக்கூடாது. எந்தக் கேள்வியைக் கேட்டாலும் ஆசிரியை முதலில் தன் சொந்த பதிலைச் சொல்லிக் காட்ட வேண்டும், பிறகு ஒவ்வொரு மாணவியும் தன் பதிலைச் சொல்ல வேண்டும்.

பழகுவதற்காக எங்களைச் சனிக்கிழமைகளில் பாகாலா வழியாகத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். கோவிந்தராஜர் கோயிலுக்கு அருகே பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த ஒருவரின் மனைவி பொன்னியம்மாள், வீட்டின் நடுக்கூடத்தை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஒரு வாரம் நான் நடத்தினால் மறு வாரம் அக்கா நடத்துவாள். நடத்தாதவள் மூலையில் உட்கார்ந்து குறை நிறைகளை எழுத வேண்டும்.

முதல் நாள் அக்கா ஒரு பானையைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள். வந்தவர்களில் சந்திரம்மா என்பவள்தான் வாயைத் திறந்தாள். தமிழும் தெலுங்கும் அவள் வாயில் ஒன்றாகவே வரும்.

"ஏமே பொன்னி, புத்தி தெரிஞ்ச நாளா பானை கழுவிக்கினு கீறேன். இந்தம்மா வந்து அதைத் தூக்கிக் காட்டி இன்னான்னு கேக்குது. மனக்கு தெலீதா, நமக்குத் தெரியாதா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அக்காவும் சிரித்துவிட்டாள். அடுத்த முறை பானையைத் தொடவில்லை. ஆஸ்பத்திரி மருந்து பாட்டில் ஒன்றையும் ரயில் டிக்கெட் ஒன்றையும் கொண்டுபோனாள். பாட்டில் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. "இதுல சாப்பாட்டுக்கு முன்னாடின்னு எங்க போட்டுக்கீது?" என்று பொன்னியம்மாள் கேட்டாள். அவளுக்குப் பேத்தி பிறந்திருந்த சமயம். கோலார் தங்கவயலில் கணவன் வேலை பார்க்க, மாமியாரோடு இங்கே இருந்த யசோதாவுக்குக் கடித உறையில் விலாசத்தைத் தானே எழுத வேண்டும். கொழுந்தன் கையால் எழுதி வாங்குவது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வளர்ந்தவர்களுக்கு எது வேண்டும் என்று அவர்களே சொல்லுவார்கள், நாம் வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் காத்திருந்தால் போதும் என்பதை அக்கா அங்கேதான் கண்டுபிடித்தாள். நான் அதைக் கற்றுக்கொள்ள பினாங்கு வரை போக வேண்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமைகள் எவ்வளவு நன்றாக இருந்தன! பாடம் முடிந்தும் எங்களை விடமாட்டார்கள். பொன்னியம்மாள் நாராயணவனத்துக்காரி, பேச்சுக்குப் பேச்சு தாய்வீட்டு ஊர்ப் பெருமாளின் கல்யாண உற்சவத்தைக் கொண்டுவந்துவிடுவாள். சந்திரம்மாவின் கணவர் பெயர் கோவிந்தசாமி. மலையேறும்போது கூட்டமே கோவிந்தா என்று கூவும், அவள் மட்டும், "எங்க ஊட்டுக்காரர் பேரு வெச்ச சாமீ!" என்று கத்துவாளாம். நடித்தே காட்டுவாள்.

கடைசிப் பரீட்சையும் அந்தக் கூடத்திலேயே என்று முடிவானது. மிஸ் ஹார்டிங் நேரில் வந்து பார்ப்பார். எனக்குக் கடைத்தெரு பற்றிய பாடம் வந்தது. அக்காவுக்குக் குடும்பம். கையேட்டில் அந்தப் பாடம் நான்கு கேள்விகள்: உன் பெயர் என்ன, உன் தகப்பனார் பெயர் என்ன, உன் சகோதரன் பெயர் என்ன, உன் கணவர் பெயர் என்ன.

வேறு பாடம் கேட்டுப் பார்த்தாள். மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

பரீட்சையன்று காலை பாகாலாவில் அவள் கடலையை உரிக்கவில்லை. பொட்டலம் மடியில் அப்படியே இருந்தது.

"அந்தப் பொம்பளைங்க சொல்ல மாட்டாங்க ஜெபமணி."

"நீங்க மொதல்ல சொல்லிக் காட்டுனா சொல்லுவாங்கக்கா."

"நான் எங்க சொல்லியிருக்கேன்? கல்யாணத்தன்னிக்கு கோயில்ல ஒருவாட்டி சொன்னேன், உடன்படிக்கையில வருதே, அதுக்காக. பாதிரி ஐயரு, காதுல விழல, சத்தமா சொல்லும்மான்னாரு. சனமே சிரிச்சிது. ரெண்டாவது வாட்டி சொன்னேன். அதை வெச்சி அவரு கேலி பண்ணிக்கினே இருப்பாரு. ரெண்டு வாட்டி ஆயிடுச்சி, இன்னொரு வாட்டி சொன்னியானா என் ஆயுசு கொறைஞ்சிடும்னு."

நான் சின்னப் பெண். யோசிக்காமல் சொன்னேன்: "இப்பதான் அவரு இல்லியேக்கா. சொன்னா இன்னா?"

"இல்லேன்னு நீ சொல்றே" என்றாள்.

அதற்குள் திருப்பதி வண்டி வந்துவிட்டது.

பொன்னியம்மாள் கூடத்தைச் சாணியிட்டு மெழுகிக் கோலம் போட்டிருந்தாள். எல்லாரும் நல்ல புடவையில் வந்திருந்தார்கள். மிஸ் ஹார்டிங் நாற்காலியில் பின்னால் உட்கார்ந்தார். என் பாடம் எப்படியோ முடிந்தது. பிறகு அக்கா எழுந்தாள்.

தன் பெயரைச் சொன்னாள், எல்லாரும் தங்கள் பெயரைச் சொன்னார்கள். தகப்பனார் பெயரும் கணீரென்று வந்தது. சகோதரனுக்கு வந்தபோது அக்கா நேரத்தை இழுத்தாள். ஒருத்திக்கு எத்தனை சகோதரர்களோ அத்தனை பேரையும் கேட்டாள். பெரியவர், சின்னவர், யார் எங்கே இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டாள். மிஸ் ஹார்டிங் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்த கேள்வி" என்றார் இங்கிலீஷில்.

அக்கா பொன்னியம்மாளிடம் கேட்டாள். பொன்னியம்மாள் கூரையைப் பார்த்தாள். சந்திரம்மாவிடம் கேட்டாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யசோதாவுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"கேள்வி அவர்களுக்குப் புரியவில்லை. உங்கள் பதிலை முதலில் சொல்லிக் காட்டுங்கள்" என்றார் மிஸ் ஹார்டிங்.

அக்கா வாயைத் திறந்தாள். நான் மூலையிலிருந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் வேலை, அறை, தன் கையால் சமைத்துத் தான் சாப்பிடும் சோறு. அவள் வாயை மூடிக்கொண்டாள். முகத்தைத் துடைத்தாள். பிறகு, நாங்கள் செய்யவே கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லப்பட்ட காரியத்தைச் செய்தாள். தமிழில் பேசினாள்.

"பொன்னியம்மா, உங்க ஊட்டுக்காரரு பேரை நீங்க சொல்லத் தேவையில்ல. யசோதா ஊட்டுக்காரரு பேரு உங்களுக்குத் தெரியுமில்ல? அதைச் சொல்லுங்க."

பொன்னியம்மாள் ஒரு நொடி விழித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹெர் ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் வேதாச்சலம்!" என்றாள்.

யசோதா தலையைக் குனிந்துகொண்டாள். காது வரை சிவந்திருந்தது. ஆனால் அடுத்த முறை அவள் காத்திருக்கவில்லை. சந்திரம்மாவைக் காட்டி, "ஹெர் ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் கோவிந்தசாமி" என்று கத்தியே சொல்லிவிட்டாள். பின்னாலிருந்து யாரோ, "கோவிந்தா, கோவிந்தா!" என்றார்கள். "சும்மா இருங்கடி, தொரசானி பாக்குது" என்று சந்திரம்மா அதட்டிவிட்டு, தானே எல்லாரையும் விடச் சத்தமாகப் பொன்னியம்மாளின் கணவர் பெயர் எத்திராஜ் என்று அறிவித்தாள். நான் சொல்கிறேன், நான் சொல்கிறேன் என்று கூடம் சந்தையாகிவிட்டது. பெயர் சொல்லும்போது யாரும் தமிழுக்குத் திரும்பாமல் இங்கிலீஷிலேயே ஒருத்தி கணவனை இன்னொருத்தி ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் பொன்னியம்மாள் கேட்டாள்: "எங்களுது எல்லாம் ஆயிடுச்சி. டீச்சரம்மா ஊட்டுக்காரரு பேரை யாரு சொல்றது?"

ஒருவருக்கும் தெரியாது. அக்கா கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மூலையில் இருப்பவள் பேசக் கூடாது என்பதும் விதிதான். நான் எழுந்து நின்றேன். "ஹெர் ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் நேசகுமார்" என்றேன்.

"வெரி குட்" என்றாள் அக்கா, மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில். திரும்பவில்லை. எழுத்தே இல்லாத பலகையை நெடுநேரம் துடைத்தாள்.

மிஸ் ஹார்டிங் அக்காவைத் தனியே அழைத்துப் பேசினார். இத்தனை பேர் பேசத் துடிக்கும் வகுப்பை நடத்தியவளைத் தோற்கடிக்கத் தனக்கு மனமில்லை என்றாராம். ஆனால் தாய்மொழி பேசியது, தன் பதிலைச் சொல்லிக் காட்டாதது, இரண்டையும் பார்க்காததுபோல் விடவும் முடியாது என்றாராம். மூன்றாம் வகுப்பில் தேர்ச்சி கொடுத்தார். எனக்கு இரண்டாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புக்காரர்களுக்குச் சம்பளம் குறைவு. சித்தூரிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், திருப்பதி, காளஹஸ்தி என்று வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"மூணாவதுன்னா மூணாவது. ஏர்பேட்டுக்கு டிக்கெட் எடுக்க வேணாம் இல்ல?" என்று சொல்லித் திரும்பும் வண்டியில் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். எனக்கும் பாதி கொடுத்தாள்.

அடுத்த வருஷம் நான் கப்பலேறினேன்.

போன மாதம் திரும்பி வந்ததும் முதலில் போய்ப் பார்த்தது அவளைத்தான். திருப்பதியில் பொன்னியம்மாள் வீடு இருந்த அதே தெருவில் ஒரு அறை. ஒரு ஆளுக்கான அடுப்பு, ஜன்னலோரம் துளசியும் கனகாம்பரமும், சுவரில் மாணவிகள் கொடுத்த நாட்காட்டிகள். தலையில் நரை ஓடியிருந்தது. யசோதா கோலாருக்கே போய்விட்டாள், சந்திரம்மா மருமகளைக் கொண்டுவந்து வகுப்பில் சேர்த்திருக்கிறாள் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் சொன்னாள். இந்த ஒன்பது வருஷமும் அவள் மூன்றாம் வகுப்புச் சம்பளத்திலேயே இருக்கிறாள் என்பது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. மறுபடி பரீட்சை கொடுத்தால் உயர்த்திக்கொள்ளலாம். வருஷா வருஷம் கூப்பிடுகிறார்கள். இவள்தான் போவதில்லை.

"அதே பாடமாக்கா?"

"அதேதான். நாலு கேள்வி."

"ஒரு வார்த்தைக்கா. அவ்ளோதான். சம்பளம் கூடும்."

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"கூடட்டுமே, யாரு வேணாங்கிறா? நீயும் வந்து மூலையில குந்திக்கோ. அவங்க கேட்டா எழுந்து சொல்லு. வர்றியா?"

அடுத்த கப்பலுக்கு விசாரித்து வைத்திருந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

வாசலில் பெண்கள் வந்துவிட்டார்கள். அக்கா முறத்தை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிக்கொண்டு, "கல் இருந்தாப் பொறுக்கிடு. இதோ வந்துடறேன்" என்று பாடம் நடத்தப் போனாள்.