தேங்காய்ப் புண்ணாக்கும் இரண்டு பொள்ளாச்சிக்காரிகளும்

பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து இறங்கியதும் எங்கள் கறவை மாடு செய்த முதல் காரியம், தொட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான். தொட்டியில் ஊறிக் கிடந்தது தேங்காய்ப் புண்ணாக்கு. அவளோ கடலைப் புண்ணாக்கும் ஆட்டிய பருத்திக்கொட்டையும் தின்று வளர்ந்தவள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள்தான். தேங்காய் எண்ணெயில் தாளித்த குழம்பைக் கண்டு இதே மூஞ்சியைத்தான் காட்டினேன். மாமியார் அப்போதெல்லாம் என்னைப் 'பொள்ளாச்சிக்காரி' என்றுதான் சொல்வார்.

சத்துத் தீனி இறங்காமல் பால் சரசரவென்று வற்றியது. வெறும் வைக்கோலை மென்றுகொண்டு நின்றாள். "அடுத்த சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிரு," என்று மாமியார் என் கணவரிடம் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டுக்கு எங்கள் ஊர் ஆள் ஒருத்தி கிடைத்த குஷியில் இருந்தவள் நான்.

கடலைப் புண்ணாக்குக்கு அடியில் தேங்காய்ப் புண்ணாக்கை ஒளித்து வைத்துப் பார்த்தேன். கள்ளி, கடலையை மட்டும் நக்கி எடுத்துவிட்டு மற்றதை ஓரமாக ஒதுக்கினாள். புதுப்பெண்ணாக அவியலில் நான் செய்த அதே வேலை! அப்போது மாமியார் ஒதுக்கவே முடியாதபடி எல்லாவற்றையும் அரைத்துக் கலந்துவிட்டார்.

அதே வைத்தியம்தான். சந்தைக்கு முந்தின நாள், ஊறவைத்த பருத்திக்கொட்டையோடு தேங்காய்ப் புண்ணாக்கையும் சேர்த்து, இட்லிக்கு ஆட்டும் கிரைண்டரிலேயே போட்டு ஆட்டினேன். காலையில் தொட்டியில் ஊற்றினேன். முகர்ந்தாள். உறிஞ்சினாள். அடியையும் நக்கினாள்! நான் குதித்த குதியில் கோழிகள் கூரையேறின. கழுத்தைக் கட்டிக்கொண்டேன், ஒரு தும்மல் போட்டு என் முகம் முழுக்கக் கூழை அப்பினாள்.

"ஏனுங்க, ஓடியாங்க! குடிச்சுப்போட்டாளுங்க!"

சந்தைக்கு ஓட்டிப்போகக் கயிற்றோடு வந்தார் கணவர். பின்னாலேயே மாமியார். காலித் தொட்டியைப் பார்த்தார். என் கன்னத்திலிருந்து கொஞ்சம் வழித்து முகர்ந்தார்.

"கிரைண்டர்ல ஆட்டுனியா?"

"ஆமாங்க அத்தை."

"ரெண்டும் ஒரே ஊரு, ஒரே அழும்பு," என்றவர், மகன் கையிலிருந்த கயிற்றை வாங்கி ஆணியில் மாட்டினார். "அந்தக் கிரைண்டரு இனி அவளுக்கே இருக்கட்டும். நமக்கு வேற வாங்கோணும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொள்ளாச்சிக்காரி என்றால் மாடுதான். நான் இந்த ஊர்க்காரி.