டிவி வந்த பெட்டி

ஷார்ஜா வீட்டில் புது டிவியை மாட்டிய கடை ஆள், காலிப் பெட்டிக்குள் தெர்மாக்கோலைத் திணித்தார். அந்தக் கிறீச்சொலியில் என் பல் கூசியது.

நான் சிறுவனாக இருந்தபோது, குவைத் அப்பாசியாவில் டிவி வந்த பெட்டியை அப்பா பீரோ மேல் பத்திரமாக வைத்திருப்பார்.

"விசா எப்ப கேன்சல் ஆகும்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

பெட்டி கீழே இறங்கினால் எனக்குப் பள்ளிக்கூடம் மாறும். சவூதியின் தம்மாமுக்குப் போகும்போது அழுதேன். அங்கிருந்து பஹ்ரைனின் மனாமாவுக்குப் போகும்போது அழவில்லை. தம்மாமில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

மனாமாவில் அப்பா டூட்டியிலேயே நெஞ்சுவலி வந்து இறந்தார். அவர் விசாவில் இருந்த நாங்களும் கிளம்ப வேண்டியதாயிற்று. டிவியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அம்மா அந்தப் பெட்டியில் அப்பாவின் சட்டைகளை அடுக்கினாள். நான்கு மூலையிலும் தெர்மாக்கோலைச் செருகினாள்.

"சட்டை ஒடையாதும்மா," என்றேன்.

"இருக்கட்டும்டா."

இப்போது கடை ஆள் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அதை அவரிடமிருந்து வாங்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "அப்போ இந்த ஸ்கூல்லயும் ரொம்ப நாள் இல்லையாப்பா?"